தங்கமாரி தவறிப்போய் ஜெயித்த கொட்டேஷன்

...மூணு கொட்டேஷன்னு சொன்னதும் பின்வரிசையில நாலு அண்ணாச்சிமாரு சிரிக்கீங்க. சிரிங்க, சிரிங்க. எதுக்குச் சிரிக்கீங்கன்னு எனக்குத் தெரியும்! இருங்க, இதுக்குன்னே ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். அதைச் சொல்லிட்டு மேல போவோம். காபித் தட்டு கொண்டு வார தம்பி, கொஞ்சம் ஓரமா நில்லுப்பா... குட்டிக் கதைதான்.

ஒரு பேரூராட்சி. பேரு வேண்டாம், வம்பு. அங்க தங்கமாரின்னு ஒருத்தரு, மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருந்தாரு. நல்ல வேலைக்காரரு. வாடிக்கைக்காரங்க கிட்ட ஒத்தப் பைசா ஏமாத்த மாட்டாரு. ஆனா அவருக்கு ஒரு சாதனை உண்டு. பேரூராட்சி வேலைக்கு ஆறு வருஷம் விலை எழுதிப் போட்டாரு... ஆறு வருஷமும் தோத்தாரு! ஒரு தடவைகூட தவறி ஜெயிச்சதில்ல. எப்படி? தோக்குறதுக்குன்னே போட்டாரு!

சின்ன வேலைக்கு ஆபீஸ்ல என்ன விதி? மூணு பேருகிட்ட விலை கேக்கணும். மூணு ஒட்டின கவரு வரணும். குறைஞ்ச விலைக்காரருக்கு வேலையைக் குடுக்கணும். நல்ல விதிதானே? ஆனா அந்த ஊர்ல உலகநாதன்னு ஒரு கான்ட்ராக்டர் இருந்தாரு. எப்பவும் சிரிச்ச முகம். மாசி பொறந்தா தங்கமாரி கடை வாசல்ல வந்து நிப்பாரு.

"அண்ணாச்சி... பெண்கள் பள்ளிக்கூடத்துக் கிணத்து மோட்டார் மறுபடியும் எரிஞ்சு போச்சு. நான் ஒரு கொட்டேஷன் போடுதேன். துணைக்கு ரெண்டு வேணும். உங்க லெட்டர்பேடுல ஒரு கையெழுத்து மட்டும்..."

"விலை எவ்வளவுப்பா போட?"

"அதை என் விலைக்கு மேல வர்ற மாதிரி நானே போட்டுக்கிடுதேன். உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்!"

வெறுந்தாள்ல கையெழுத்து! இவரும் போட்டுக் குடுப்பாரு. எதுக்கு? காசுக்கா? ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லய்யா! முகதாட்சண்யம்! சர்க்கரைக்கு மருந்து இருக்கு, பிரஷருக்கு மருந்து இருக்கு... முகதாட்சண்யத்துக்கு மருந்து இருக்கா? அந்தா, மேடையில இருக்கிற நம்ம சங்கத்துப் பொருளாளரே தலையை ஆட்டுதாரு, பாருங்க.

ஏழாவது வருஷம். டைப் அடிக்கிற கடையில அன்னைக்குக் கூட்டம். அந்தப் பிள்ளை அவசரத்துல பிரின்டர்ல தாளை மாத்தி வச்சிருச்சு. உலகநாதன் விலை தங்கமாரி தாள்ல... தங்கமாரிக்கு வச்சிருந்த விலை உலகநாதன் தாள்ல. உலகநாதன் பாத்தாரா? எதுக்குப் பாக்கணும்! எல்லாமே அவரு விலைதானே! மூணையும் மடிச்சாரு, கவர்ல போட்டு ஒட்டினாரு, குடுத்துட்டாரு.

கவரைப் பிரிக்கிற நாள். செயல் அலுவலர் புதுசா வந்த அம்மா. சத்தமா வாசிக்கிறாங்க. "குறைஞ்ச விலை... தங்கமாரி எலெக்ட்ரிக்கல்ஸ்!"

உலகநாதன் துள்ளி எந்திரிச்சாரு. "மேடம்! அது என் ரேட்டு!"

அந்தம்மா நிமிர்ந்து பாத்தாங்க. "அப்படியா? உங்க ரேட்டு... ஒட்டின கவருக்குள்ள... அவரு தாள்ல... எப்படிங்க ஏறுச்சு?"

உலகநாதன் உக்காந்துட்டாரு. வேற என்ன செய்வாரு? திருடனுக்குத் தேள் கொட்டினா வாய்விட்டுக் கத்தவா முடியும்!

உலகநாதனை கான்ட்ராக்டர் பட்டியல்ல இருந்து எடுத்துட்டு, அந்தம்மா தங்கமாரியைக் கூப்பிட்டு விட்டாங்க. "இந்த விலைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கிணத்தைப் போய்ப் பாருங்க. இது நியாயமான விலைதானான்னு எழுதிக் கொண்டாங்க. இல்லன்னா உங்க கடைப் பேரும் கறுப்புப் பட்டியல்ல ஏறும்." இருபது வருஷமாச் சேத்த நல்ல பேருய்யா அது!

நேரா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாரு. கிணத்தை எட்டிப் பாத்தாரு... அப்படியே நின்னுட்டாரு. தண்ணி கீழ கிடக்கு. பைப்பு அதுக்கு மேல ரெண்டு முழம் அந்தரத்துல தொங்குது! கோடையில தண்ணி இறங்கினதும் மோட்டார் காத்தை இழுக்கு, சூடாகுது, எரியுது. காயிலை மாத்துதாங்க, மறுபடி எரியுது. ஆறு வருஷம், ஆறு காயில்... பத்தடி பைப்புல தீர வேண்டிய சங்கதி!

தலைமையாசிரியை பக்கத்துல வந்தாங்க. "நீங்கதான் தங்கமாரியா சார்? வருஷா வருஷம் ஆபீஸ் பேப்பர்ல உங்க பேரைப் பாத்திருக்கேன். மூணு பேரு விலை சொன்னதா இருக்கும். கிணத்தை எட்டிப் பாக்க இன்னைக்குத்தான் ஒரு ஆளு வந்திருக்கு. மாசி, பங்குனி வந்தா கக்கூஸ்ல தண்ணி கிடையாது. பிள்ளைங்க பயந்துக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் ஒரு மடக்கு தண்ணி குடிக்காதுங்க சார்."

தங்கமாரி மக அங்கதான் படிச்சா. போன வருஷம்தான் பத்தாவது முடிச்சா. ஒவ்வொரு கோடைக்கும் நீர்க்கடுப்பு வந்து துடிச்சுப் போவா. "தண்ணி குடின்னா கேக்குதியா, கழுத!"ன்னு ஏசினது யாரு? இவருதான்! கிணத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அந்த மனுஷன் அழுதாருய்யா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் அதே கை. கையெழுத்துப் போட்டதும் அதே கை.

மறுநாள் எழுதிக் குடுத்தாரு. "அந்த விலை தப்பு. இந்த ஒரு தடவை காயில் கட்டி, பத்தடி பைப்பும் அடியில ஒரு வால்வும் போட்டாப் போதும்." ஒரே நாள்ல வேலை முடிஞ்சது. அந்தப் பங்குனிக்குக் குழாய்ல தண்ணி வந்துச்சு.

இப்ப சொல்லுங்க, வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சிமாரே... மூணு கொட்டேஷன் எதுக்கு? ஃபைலு கனமா இருக்கணும்னா? அந்த விதி மூணு தாள் கேக்கலய்யா. மூணு பேரு தனித்தனியாப் போயி அந்தக் கிணத்தை எட்டிப் பாருங்கன்னு கேக்குது! ஒருத்தர் கண்ணுல தப்பினது இன்னொருத்தர் கண்ணுல படும், அதுக்குத்தான். நீங்க வெறுந்தாள்ல போடுற கையெழுத்து கூட்டாளிக்குச் செய்யுற உபகாரம் இல்ல. யாரோ ஒரு பிள்ளையோட தண்ணியை நிறுத்துற கையெழுத்து.

உங்களை ஜெயிக்கச் சொல்லல நான். எல்லாரும் ஜெயிக்க முடியுமா? தோக்கலாம், தப்பே இல்ல. ஆனா அண்ணாச்சி... பாத்துட்டுத் தோத்துப் போங்க.