இருபத்துமூன்றாம் தேதி ரிப்போர்ட்

விசாரணை அதிகாரி அய்யா அவர்களுக்கு,

2011 பிப்ரவரி 24 காலையில் டாக்டர் அறையில் நாலு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப்பக்கம் டாக்டர். எதிரே என் அண்ணன் கபிரியேல், ஒட்டினாற்போல் அவர் மனைவி, என் மைனி விக்டோரியா. நான் கதவோரம், ஃபைலோடு நின்றேன். அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அதில் உட்கார எனக்கு முடியாது.

அண்ணனுக்கு ஈரலில் கட்டி. இரண்டு வாரம் முன்னால் தொடைவழி குழாய் விட்டு, கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைத்திருந்தார்கள். அடுத்தது ஊசி குத்திக் கட்டியைச் சுடுவது. "ரெண்டையும் ஈரல் தாங்கணும். ரத்தத்துல மஞ்சள் ஏறியிருந்தா ஒரு மாசம் பொறுக்கணும்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

23ஆம் தேதி எங்கள் ஊர் லேப்பில் சோதித்தோம். மூன்று மடங்கு ஏறியிருந்தது.

இன்னும் ஒரு மாசம் என்றால் என்னவென்று நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் அய்யா. காலையில் பச்சையாகக் கக்குவார். வாய் துடைத்த துவர்த்தை என் சட்டைமேல் போடுவார். அந்தக் கையாலேயே சோற்றுப்பானையைத் திறப்பார். அழுகின பழம்போல ஒரு இனிப்பு நாற்றம் சுவரில் ஏறிவிட்டது. நான் வீட்டில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன்.

குழாய் விடும் முன் எடுத்த, மஞ்சள் ஏறாத ரிப்போர்ட்டில் தேதி 3. அதன் முன்னால் ஒரு 2 போட்டேன். புதியதை அடுப்பில் வைத்தேன். எங்கள் வீட்டில் காகிதம் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான்.

"கண்ணு மஞ்சளிச்ச மாதிரி இருக்கே?" என்றார் டாக்டர்.

நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். பார்த்தார், நம்பினார்.

"கொள்ளாமா மக்கா?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கொள்ளாம் அண்ணா, நல்லாத்தான் இருக்கு."

"அப்போ சாளைய சுடுத மாதிரி சுட்டுருவியளா டாக்டரே?"

மைனிகூடச் சிரித்துவிட்டாள். "ஆளப் பாரு, இப்பவும் மீன் நெனப்புதான்."

சுட்டபின் மிச்ச ஈரலும் செத்தது. வயிறு பானைபோல வீங்கி, பன்னிரண்டாம் நாள் அண்ணன் போய்விட்டார். டாக்டர் தப்பாக ஊசி போட்டதாக நீங்கள் விசாரிக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். கொன்றது செல்வதாஸ் ஆகிய நான். அண்ணன் கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செய்தேன்.

இதை ஒட்டி இப்போதே பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். அப்படியே லேப்புக்கும் போக வேண்டும். மைனிக்கு நாலு நாளாக வாந்தி. வீடு மறுபடி நாறுகிறது. அவள் ரிப்போர்ட்டை வாங்கி வாசிக்க வேறு யார் இருக்கிறார்கள்?