மாமா போட்ட கையெழுத்து

இல்ல சிஸ்டர், கையெழுத்தெல்லாம் போட்டுட்டாரு. அதுக்கு வரல. நீங்க எழுதுங்க, எழுதிக்கிட்டே கேளுங்க. முகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு வராது.

அந்தக் கடைசிக் கட்டில், மூத்திர ட்யூப் போட்டிருக்கே, அவரோட மருமக நான். சலூன் வெச்சிருக்காரு. ரெண்டு வருஷமாவே ஒரு கன்னத்த வழிச்சிட்டு, மறு கன்னத்துல நுரையோட ஆள உக்கார வெச்சிட்டு ஓடுவாரு. போனா சொட்டுச் சொட்டா வருமாம். திரும்பி வர்றதுக்குள்ள நுரை காஞ்சிடும். சிரிங்க, நாங்களும் சிரிச்சோம். முந்தாநாள் சுத்தமா அடைச்சுப் போச்சு.

ஏய் குட்டி, சிஸ்டர் பேனாவப் பிடுங்காத.

புராஸ்டேட் வீங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரா, மாமா ஒரேயடியா முடியாதுன்னுட்டாரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்கல. எங்க வீட்டுக்காரரு கத்திப் பாத்துட்டு வேலைக்குப் போயிட்டாரு. அப்புறம் அத்தைதான் என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிட்டுப் போயி, பையோட வாரத் திருகிக்கிட்டே சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணா அதோட ஆம்பளைத்தனம் போச்சுன்னு கடையில யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. மூத்திரத்துக்கு மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்தே அந்த விஷயத்துல கொஞ்சம் முன்னப் பின்னதானாம்.

ஆமாக்கா, அவங்களுக்குள்ள அதெல்லாம் இருக்கு. பேத்தி பொறந்துட்டா நின்னுடுமா? எங்க ரூமுக்கும் அவங்க ரூமுக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான், எனக்கே நேத்துத்தான் தெரியும்.

அப்புறம் அத்தை நேராப் போயி, எனக்கு அதெல்லாம் வேணாங்க, அந்த நெனப்பு விட்டுப் பல வருஷமாச்சு, உங்களுக்காகத்தான் சரின்னு இருந்தேன், கையெழுத்தப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். பேனாவக் குடுன்னாரு, போட்டாரு, சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாரு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அத்தைகிட்ட ஒரு வார்த்தை இல்ல. அவங்க தண்ணி குடுத்தா வாங்கல. அதையே நான் குடுத்தா வாங்கிக் குடிக்கிறாரு. அத்தை வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க, உள்ள வரவே மாட்டேங்கிறாங்க.

அதான் கேக்கறேன். நெஜமாவே போயிடுமாக்கா?

போகாதா? பெரும்பாலும் போகாதா?

விந்து மட்டும் வெளிய வராம உள்பக்கமாப் போயி மூத்திரத்தோட கலந்துடுமா. மத்தபடி இருந்த மாதிரியே இருக்குமா. இத யாரும் வாயத் தொறந்து சொல்லலியேக்கா. நாங்களும் கேக்கல, வெக்கம்.

சரி, டாக்டர் வந்து சொல்லட்டும். உடம்பப் பத்தி அவரு சொல்லிடுவாரு. அத்தை சொன்னத யாரு அக்கா திருப்பி எடுக்கறது? பொய்தான் சொன்னேன்னு இப்பப் போயி சொன்னா, மனசு தேத்தறாங்கன்னுதானே நெனப்பாரு.

பொய்தான்கா. எனக்கு நல்லாத் தெரியும். அத வரிக்கு வரி சொல்லிக் குடுத்ததே நான்தான். படிக்கட்டுல நிக்க வெச்சு ரெண்டு தடவை சொல்லிப் பாக்க வெச்சேன். பல வருஷமாச்சுங்கற எடத்துல மட்டும் அத்தைக்கு வாயே வரல.