ஹங்கேரிக்கு ஒத்திகை

— மறுபடியும் தப்பு. மிஸஸ் இல்டிகோன்னு கூப்பிடக் கூடாதுங்க. மிஸஸ் கோவாச்.

— நீதான திலகா அந்த அம்மா பேரு கோவாச் இல்டிகோன்னு சொன்ன? கடைசியா வர்றதுதான வெள்ளக்காரங்களுக்குக் குடும்பப் பேரு?

— ஹங்கேரிக்காரங்களுக்குக் குடும்பப் பேருதான் முன்னாடி. நமக்கு அப்பா பேரோட இனிஷியல் முன்னாடி நிக்கிறாப்ல. பாத்த ஒடனே இல்டிகோன்னு கூப்பிட்டா மரியாத இல்ல. சரி, அந்தச் சட்டையப் பெட்டியில வச்சிட்டு வெளிய போய் நின்னு கதவத் தட்டுங்க. நான்தான் மிஸஸ் கோவாச்.

— இது நாலாவது தடவ. பக்கத்து வீட்டுல பாத்தா, நீ என்னைய வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டன்னு நெனைப்பாங்க.

— நெனைச்சுக்கட்டும். தட்டுங்க.

— வணக்கம், மிஸஸ் கோவாச். நான் சேவுகன். புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துல கம்பெனி வச்சிருக்கேன். தேங்காநார்த் தூளக் கழுவிக் காயவச்சு, கட்டியா அமுக்கி அனுப்புறோம். நீங்க அதுல கொடமொளகா வளக்கலாம்.

— நல்லாருக்கு. ஆனா கைய ஏன் அதுக்குள்ள நீட்டுறீங்க? பொம்பளைங்க மொதல்ல நீட்டணும். அப்பறந்தான் நீங்க.

— கட்டுன பொண்டாட்டி கையத் தொடக் கூடவா காத்துக்கெடக்கணும்?

— இப்ப நான் ஒங்க பொண்டாட்டி இல்ல. அடுத்தது, எப்படி இருக்கீங்க சேவுகன்?

— சூப்பரா இருக்கேன். பிசினஸ் பிரமாதமாப் போகுது.

— அதான் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எல்லாம் பிரமாதம்னு சொல்றவன அவங்க நம்ப மாட்டாங்களாம். கொஞ்சம் சலிச்சுக்கிட்டாத்தான் மனுசன்னு ஒத்துக்குவாங்களாம்.

— அட, இது நம்மூரு. ஏதோ இருக்கேன், ஓடிட்டு இருக்கு, மழையும் இல்ல, ஆளும் வரமாட்டேங்குறாக. இந்தா, ஒரு மணி நேரம் சலிச்சுக்கவா?

— ஒரு நிமிசம் போதும். நேரத்துக்குப் போயிருவீங்கல்ல? பத்து மணின்னா பத்து மணி.

— அதத்தான் போன ஞாயித்துக்கெழம திருக்கோகர்ணம் நிச்சயதார்த்தத்துல பழகிப் பாத்தேனே. ஒம்போது மணின்னு போட்டிருந்தாக. ஒம்போதுக்குப் போய் நின்னேன். பொண்ணு வீட்டுக்காரவுக ஒருத்தரையும் காணோம். சமையக்காரர் என்னையத் தன்னோட ஆளுன்னு நெனச்சு ரெண்டு கிலோ வெங்காயத்த முன்னாடி வச்சிட்டாரு.

— உரிச்சீங்களா?

— நேரத்துக்கு வந்த மனுசன் சும்மா இருக்க முடியுமா?

— சரி, விருந்துல கிளாஸத் தூக்கும்போது?

— எதிர்ல இருக்கறவங்க கண்ண நேரா பாக்கணும். பீர் கிளாஸ மட்டும் இடிச்சுக்கக் கூடாது. ஏதோ பழைய சண்டையில அவுக தளபதிகளத் தூக்குல போட்டுட்டு ஜெயிச்சவங்க கிளாஸ இடிச்சுக் குடிச்சாங்களாம். அதுலருந்து வீம்பு. இது எனக்கு மறக்காது. எங்க பெரியப்பா வீட்டுல ஒரு பந்திச் சண்டைக்காக இருவது வருசமா பாயசம் குடிக்காம இருக்காக.

— கண்ண நேராப் பாக்கப் பழகுனீங்களா?

— அதுவும் ஆச்சு. நேத்து லோடுமேன் ராக்கன் கூட டீ குடிக்கையில கிளாஸத் தூக்கி அவன் கண்ணையே பாத்தேன். அவன் டீயக் கீழ வச்சிட்டான். மொதலாளி, கேட்டுல லாரிய இடிச்சது நான்தான், மன்னிச்சிருங்கன்னு கால்ல விழுந்துட்டான். கேட்டு எப்படி வளைஞ்சதுன்னு மூணு மாசமா தேடிட்டு இருந்தோமே, அது தானா வெளிய வந்துருச்சு.

— சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது. பூ வாங்கிட்டுப் போனா?

— ஒத்தப்படையில கொண்டு போகணும். பதிமூணு மட்டும் ஆகாது. செவ்வந்திய நெனச்சுக்கூடப் பாக்கக் கூடாது, அது அங்கிட்டு கல்லறைக்கு வைக்கிற பூ. நம்ம கீரமங்கலம் பூ மார்க்கெட்டயே அவுக வாசல்ல போய்க் கொட்டலாம்னு இருந்தேன். நல்லவேள சொன்ன.

— இப்ப முக்கியமானது. கேட்டுக்கங்க. மிஸ்டர் சேவுகன், போன வருசம் நீங்க அனுப்புன சாம்பிள்ல உப்பு சாஸ்தி இருந்துச்சு. இந்தத் தடவ எப்படிக் கொறைச்சீங்க?

— அது வந்து, மிஸஸ் கோவாச், திலகாட்டத்தான் கேக்கணும்.

— என்னங்க நீங்க.

— நெசத்தத்தான சொல்றேன். தண்ணிய மாத்துனது நீ. எத்தன தடவ கழுவணும்னு எழுதி ஒட்டுனது நீ. பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி நீ. நான் பத்தாவது. லாரி புடிக்கிறது, ஆளுகள வச்சு வேல வாங்குறது எனக்குத் தெரியும். உப்பப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

— மனப்பாடம் பண்ணச் சொல்லி ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன்ல? இந்த ஆர்டர் கெடைக்கலேன்னா ரெண்டாவது ஷெட்ட மூடணும். முப்பத்திரண்டு பொம்பளைங்க நம்மள நம்பி இருக்காங்க. முத்தாள் அக்கா நேத்துக்கூட, தம்பி எப்ப வெளிநாட்டுக்குப் போகுதுன்னு கேட்டுச்சு. வெளையாடாதீங்க.

— வெளையாடல. நீயே போயிருக்கலாம். மூணு தடவ கேட்டேன்.

— எழுதத்தான் வரும். வாயத் தொறந்தா எனக்கு இங்கிலீஷ் வராது. அதுவுமில்லாம ரெண்டு வருசமா மெயில் பூராவும் ஒங்க பேர்ல போட்டிருக்கேன். அவங்களுக்கு சேவுகன்னா அந்த மெயில எழுதுன ஆளு. இப்பப் போயி அது நான்தான்னா, பொய் சொல்லிட்டாங்கன்னு ஆயிராதா?

— எதுக்கு என் பேர்ல போட்ட?

— ஒங்களுக்குத் தெரியாதா? மொத வருசம் சென்னையில ஒரு ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணேன். வெலையெல்லாம் பேசி முடிச்சப்பறம், வீட்டுல ஆம்பளைங்க இருந்தா குடும்மா, முடிவு பண்ணிரலாம்னான். அன்னைக்குத்தான் மாத்துனேன்.

— அன்னைக்கு நீ சோறு திங்கல. தலவலின்னு சொன்ன. நானும் நம்புன மாதிரி இருந்துட்டேன். அது எனக்கு இன்னும் உறுத்துது.

— விடுங்க. இப்ப எதுக்கு அது?

— ஒரு விசயம் சொல்றேன், கோவப்படாம கேளு. போன வாரம் பயணத்துக்குப் படிக்கணுமேன்னு அந்த மெயிலெல்லாம் நம்ம ஹரிணிய விட்டு வாசிக்கச் சொன்னேன். மக வாசிச்சு வாசிச்சு அர்த்தம் சொன்னா. எல்லாத்துலயும் சேவுகன், சேவுகன்னு போட்டிருக்கு. ஒரு வரியில கூட நான் இல்ல. அன்னைக்கே அந்த அம்மாவுக்கு நான் ஒரு மெயில் போட்டேன்.

— என்னன்னு?

— நான் சொல்லச் சொல்ல ஹரிணி இங்கிலீஷ்ல அடிச்சா. அம்மா, நான்தான் நெசமான சேவுகன். இத்தன நாளா ஒங்களுக்கு எழுதுனது என் சம்சாரம் திலகவதி. நான் வந்தா பூ குடுப்பேன், கைய நீட்டாம நிப்பேன். உப்பப் பத்திக் கேட்டா முழிப்பேன். அம்புட்டுத்தான்.

— போச்சு. எல்லாம் போச்சு. இப்படியா எழுதுவாங்க?

— ஹங்கேரிக்காரவுக மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொல்றவுகன்னு நீதான் சொன்ன. அதான் நானும் நேராச் சொன்னேன். மறுநாளே பதில் வந்துருச்சு.

— என்ன எழுதியிருந்தாங்க?

— எனக்கும் ரெண்டு வருசமா சந்தேகந்தான்னு எழுதியிருக்காக. இந்தத் தடவ சரியாக் கழுவல, தப்பு எங்க மேலன்னு தானா ஒத்துக்கிட்டு எழுதுன மொதலாளிய அவுக பாத்ததே இல்லையாம். அத எழுதுன ஆளத்தான் பாக்கணுமாம்.

— என்னால எப்படிங்க போக முடியும்? விசா ஒங்களுக்குத்தான வந்திருக்கு? டிக்கெட்டு?

— டிக்கெட்ட ரத்து பண்ணி நாலு நாளாச்சு.

— நாலு நாளாச்சா? பின்ன எதுக்கு இம்புட்டு ஒத்திக பாத்தீங்க? கதவத் தட்டித் தட்டி, பெட்டியெல்லாம் அடுக்கி?

— சொல்லியிருந்தா நீ பயந்துக்கிட்டு ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்ப. நான் படிச்சேனோ இல்லையோ, சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்து நீ எல்லாத்தையும் நல்லாப் படிச்சிட்ட.

— நாளைக்கு விடிய ஏர்போர்ட் போகணும்னு ரெங்கசாமி அண்ணன்ட்ட கார் சொல்லிருக்கீங்களே, அது எதுக்கு?

— அது வரும் திலகா. நான் ஏறிப் போறதுக்கு இல்ல, மிஸஸ் கோவாச்ச ஒன்கிட்ட கூட்டியாறதுக்கு.