ஞாயிறு காலை நகல்களைக் காத்த எவலின் அம்மையாருக்கு

செம்பருத்தி இரத்தப் பரிசோதனை நிலையத்தின் தரவுத்தளத்தை முப்பதாண்டுகள் கண்ணும் கருத்துமாய்க் காத்த காவலரே! பிழைக்கு அஞ்சாது பொய்க்கு மட்டுமே அஞ்சிய பெருந்தகையே! பிரிக்பீல்ட்ஸ் தலைமையகத்தின் பெருமிதமே! எங்கள் எவலின் சாந்தமேரி அம்மையாரே! பணி நிறைவு பெறும் உங்களுக்குப் பணிவான வணக்கம்.

கிள்ளான் முதல் ஷா ஆலம் வரை எல்லாக் கிளைகளின் முடிவுகளும் ஒரே அட்டவணையில் மலையாய்க் குவிந்து கிடந்தபோது, அதை மாதத்திற்கொரு பிரிவாகப் பகுத்தவர் நீங்கள். ஏழாண்டு கடந்த பிரிவு தானே நகலாகிக் காப்பகம் சேரவும், பின்னர் சர்வரிலிருந்து தானே நீங்கவும், மாதத்தின் முதல் ஞாயிறன்று நேரம் குறித்தீர்கள். காலை ஆறுக்கு நகல்; ஒன்பதுக்கு நீக்கம். அந்நேரம் நீங்கள் பூசையில் இருப்பீர்கள். எச்சரிக்கைச் செய்தி ஏதும் வருமோ என்று கைப்பேசி உங்கள் மடியில் இருக்கும். பாதிரியாரே இருமுறை முறைத்திருக்கிறார் என்று கேள்வி!

உங்கள் தவறு ஒன்றையும் இம்மடலில் எழுதுகிறோம். நாங்கள் விட்டுவிட்டால் நீங்களே எழுந்து சொல்லிவிடுவீர்கள். 2016-இல், முடிவுகள் பெருகிப் பெருகி, நகலுக்கு மூன்று மணி நேரம் போதாமல் போனது. நகல் முடிந்ததா என்று பாராமல், ஒன்பது அடித்ததும் நீக்கும் வேலை தொடங்கிவிட்டது. 2009 மார்ச் மாதப் பிரிவில் ஆறாயிரத்துச் சொச்சம் முடிவுகள் அழிந்தன. சர்வரின் வாராந்தர நகலோ திறக்கவே மறுத்தது. உங்கள் வேலை போய்விடுமே என்று பதறிய அன்றைய மேலாளர் உமர், "சர்வர் கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம் லா, அக்கா" என்றார். நீங்களோ, "சர்வர் என்ன பாவம் பண்ணிச்சு? நான்தான் கடிகாரத்த நம்பிட்டேன், பாஸ். என் பேரப் போட்டே எழுதுங்க" என்றீர்கள். அடடா, என்ன துணிவு!

பிறகு கிள்ளான் கிடங்கிலிருந்த காகிதப் பதிவேடுகளைக் காரில் ஏற்றிவந்து, உதவியாளர் மாதவி வாசிக்க வாசிக்க, இருபத்திரண்டு நாளில் அத்தனையையும் நீங்களே தட்டச்சு செய்தீர்கள். நகல் முடிந்து, அது வேறொரு கணினியில் திறந்து, எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் நீக்கும் வேலை தொடங்கும் என்று விதி செய்தீர்கள். வெள்ளிதோறும் மூன்று மணிக்கு ஏதேனுமொரு பழைய மாதத்தைத் திறந்து காட்டச் சொல்லி எங்களைப் பிழிந்தெடுத்தீர்கள். எங்கள் தே தாரிக் தேநீர் ஆறிப்போனது எத்தனை முறை! முணுமுணுத்தோம், ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு, கேரி தீவு வீரம்மா அம்மாளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. இரத்தம் ஏற்ற வேண்டும். புதிய பரிசோதனையில் தடையேதும் தெரியவில்லை. ஆயினும், இரத்தத்தில் உள்ள பழைய எதிர்ப்பு காலப்போக்கில் பரிசோதனைக்குத் தெரியாமல் மங்கிவிடலாம் என்று மருத்துவர் பழைய முடிவைக் கேட்டார். காப்பகத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் எடுத்துத் தந்தோம். ஒரு வகை இரத்தம் அவர் உடலுக்கு ஆகவே ஆகாது என்று அதில் இருந்தது. 2009 மார்ச் பிரிவு. உங்கள் விரல்கள் தட்டிய வரி! அந்த வீரம்மா அம்மாள் இதோ, முன்வரிசையில் அமர்ந்து, இந்த மடல் எப்போது முடியும், வாழையிலை எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே சுருக்கமாக முடிக்கிறோம். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் நீங்கள் நிறைவாய் வாழ வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு நீங்கள் இல்லாமலே ஒரு பழைய மாதத்தைத் திறந்தோம். எண்ணிக்கை ஒத்துப்போனது. எச்சரிக்கைச் செய்தி போகும் பட்டியலிலிருந்து உங்கள் எண்ணை மாதவி கண்கலங்க நீக்கிவிட்டார். வரும் ஞாயிறு காலை ஆறுக்கு நகல் தொடங்கும். உங்கள் கைப்பேசி ஒலிக்காது. பூசையை முழுதாகக் காணுங்கள், அக்கா.

என்றும் உங்கள் விதி வழுவாத,
தரவுப் பிரிவுப் பணியாளர்கள்,
செம்பருத்தி இரத்தப் பரிசோதனை நிலையம்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்