சண்டைக்கு வந்தவர் தட்டிய கதவு

மழைக்காலம் வாசலில் வந்து நிற்கும் இந்த மாலையில், வேலையை விட்டுவிட்டு விரைந்து வந்து வீற்றிருக்கும் அவையோரே! மருந்து தருவதில் தாராளமும் வார்த்தை தருவதில் சிக்கனமும் காட்டும் நம் தெருச் சங்கத் தலைவர், மருந்துக்கடை அண்ணன் அவர்களே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடே அமர்ந்திருக்கும் அன்னையர்களே! கதவோரம் நின்று, இவன் எப்போது முடிப்பான் என்று கைப்பேசியைப் பார்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு நிறைந்த வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இந்த அவையில் பாதிப் பேரைப் பார்த்து "பிரேக்கை மிதிங்க, பிரேக்கை மிதிங்க" என்று கத்திக் கத்தியே குரலை வளர்த்துக்கொண்டவன். ஸ்டியரிங் பிடித்த கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார் தலைவர். தலைப்பையும் அவரே கொடுத்தார். மின்சாரம் தடைப்படும் வேளையில் ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் வீட்டில் ஆபத்தில்லாமல் பயன்படுத்துவது எப்படி? இதைத்தான் நான் பேச வேண்டுமாம். நான் பாடம் நடத்தப் போவதில்லை. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அந்த வீட்டார் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள். "தாராளமாகச் சொல்லுங்க" என்று அனுமதியும் தந்திருக்கிறார்கள்.

போன மழைக்காலம். இரவெல்லாம் காற்று சுழன்றடித்து, மரம் முறிந்து, கம்பி அறுந்து, தெருவே திகைத்துக் கிடந்த மறுநாள். நம் கண்ணாடிக்கடைக்காரரை அறியாதவர் உண்டா? ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்பவர் வீட்டில், அன்றைக்குப் பவர் இல்லை! அவருடைய மனைவி வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவர். அன்று அவர் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மூன்றடுக்குப் பிறந்தநாள் கேக் இருந்தது. மாலையில் கொடுத்தாக வேண்டும். உள்ளே உருகுவது க்ரீம் மட்டுமா? ஓர் உழைப்பு உருகும், ஒரு வாக்கு உருகும், வளர்ந்து வரும் ஒரு பெயர் உருகும். அதனால் கணவர் கடையிலிருந்த சிறிய ஜெனரேட்டரைத் தூக்கி வந்து, பின்பக்கத் திறந்தவெளியில், வேலியோரமாக வைத்தார். கயிற்றை இழுத்தார். அது உறுமியது. ஃப்ரிட்ஜுக்கு உயிர் வந்தது.

வேலியோரம் வைத்தாரே, அது சரியான இடம். வீட்டுக்குத் தூரம், காற்றுக்குத் தோழமை. ஆனால் அந்த வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பது யார் வீடு?

சிரிக்கிறீர்கள். சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஆம், சைரன் அக்கா வீடு! அவர் குரலெடுத்தால் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தந்தி வேண்டாம், தொலைபேசி வேண்டாம். அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கையைக் காட்டிச் சிரிக்கிறார். பிழைத்தேன்.

அன்று காலை அக்கா வேலியருகே வந்து நின்றார்.

"ஏங்க கண்ணாடிக்காரரே! இது வீடா, மாவு மில்லா? என் தலைக்குள்ளேயே ஓடுற மாதிரி இருக்கு!"

"கொஞ்சம் பொறுத்துக்கங்க அக்கா. சாயங்காலம் வரைக்கும்தான்."

"சாயங்காலம் வரைக்குமா? அதுக்குள்ள எனக்குக் காது போயிடும். அப்புறம் நான் கத்துறது எனக்கே கேக்காது!"

கண்ணாடிக்கடைக்காரர் சண்டையென்றால் நாலு தெரு சுற்றிப் போகிற மனிதர். நெளிந்தார். நேரம் பார்த்து மழையும் தூறத் தொடங்கியது. உடனே ஜெனரேட்டரை நகர்த்தி, சமையலறையை ஒட்டிய துணி துவைக்கும் அறைக்குள் வைத்துவிட்டார்.

"உள்ளே வைக்கலாமாங்க? புகை வராதா?" என்று கேட்டார் மனைவி.

"ஜன்னலைத் திறந்துதான் வச்சிருக்கேன். மழையும் படாது, அக்கா வாயும் படாது."

அன்பர்களே! அவர் அறியாமையால் செய்தாரா? அலட்சியத்தால் செய்தாரா? இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் அமைதியைக் கெடுக்கக் கூடாதே என்ற மரியாதையால் செய்தார். மரியாதையே மரணத்தை வீட்டுக்குள் கூட்டி வரும் என்று யார் கண்டது?

என்ன தம்பி கேட்கிறாய்? உரக்கக் கேள். "ஜன்னல் திறந்திருந்தால் போதாதா?" என்கிறான். நல்ல கேள்வி. போதாது தம்பி. ஜன்னல் போதாது, கதவு போதாது, மின்விசிறியும் போதாது. ஜெனரேட்டர் கக்குகிற கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, வாசலில் நின்று அனுமதி கேட்கும் வழக்கமும் இல்லை. புகை நாற்றம் போய்விட்டதே என்று நாம் நிம்மதியாக மூச்சு விடும்போது, அந்த மூச்சிலேயே அது உள்ளே போகும்.

போனது. முதலில் மனைவிக்குத் தலை வலித்தது. காலையிலிருந்து சாப்பிடாததால் என்று நினைத்துக்கொண்டார். பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த மகள், "அம்மா, குமட்டுதும்மா" என்றாள். க்ரீமை வழித்து வழித்துத் தின்றால் குமட்டாமல் என்ன செய்யும் என்று அதட்டினார். பட்டப்பகலில் குழந்தை சோபாவில் சுருண்டு தூங்கிப்போனாள். சரி, தொந்தரவில்லாமல் வேலை ஓடும் என்றிருந்துவிட்டார் தாய். பெட்ரோல் அளவைப் பார்த்து வருகிறேன் என்று பின்னால் போனார் கணவர். போனவர் திரும்பவில்லை.

இந்தப்பக்கம் சைரன் அக்கா வீட்டில் என்ன நடந்தது? உறுமல் அடங்கி ஒலித்தாலும் சுவர் வழியாக அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அலமாரியில் டம்ளர்கள் தாளம் போட்டன. அக்காவின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? (அது எங்கே இருக்கிறது என்று தெருவில் எவருக்கும் தெரியாது. அது வேறு விஷயம்.) குடையை எடுத்தார். வழி நெடுக வசனங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கதவைத் தட்டினார்.

"வெளியே வாங்க! உள்ளே இருக்கறது எனக்குத் தெரியும்!"

பதில் இல்லை.

"வாயில கொழுக்கட்டையா? பதில் சொல்லுங்க!"

பதில் இல்லை.

அவரே பிறகு என்னிடம் சொன்னார்: "அவர் பதிலுக்குக் கத்தமாட்டார், எனக்குத் தெரியும். ஆனா 'மன்னிச்சுக்கங்க அக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருக்கமாட்டார். அந்த வார்த்தை வரலைன்னதும் ஏதோ சரியில்லைன்னு புரிஞ்சுபோச்சு."

பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கேக் மேசையின்மேல் தலை சாய்த்துக் கிடக்கிறார் மனைவி. கையிலிருந்த பையிலிருந்து க்ரீம் தரையில் சொட்டுகிறது. சோபாவில் குழந்தை. அசைவில்லை. அப்போது எழுந்தது ஒரு குரல்! எந்தக் குரலை நாம் கேலி செய்தோமோ, அந்தக் குரல். எந்தக் குரலுக்குப் பயந்து கதவைச் சாத்தினோமோ, அந்தக் குரல். தெருவே ஓடி வந்தது. நானும் ஓடினேன், ஓடிக்கொண்டே அவசர உதவி எண்ணை அழைத்தேன். "சாப்பாட்டுல ஏதோ விஷம் போல" என்றேன். எதிர்முனையில் ஒரு பெண். பதற்றமே இல்லாத குரல்.

"எத்தனை பேர் மயங்கியிருக்காங்க?"

"தெரிஞ்சு ரெண்டு பேர். வீட்டுக்காரரைக் காணோம்."

"வீட்டுக்குள்ள ஏதாவது எஞ்சின் ஓடுதா? நல்லாக் கவனிச்சுச் சொல்லுங்க."

அந்த உறுமல் அதுவரை எங்கள் காதுக்குக் கேட்டது, கருத்துக்கு எட்டவில்லை. "ஓடுதும்மா, ஓடுது!" என்று அலறினேன்.

"கதவைத் திறந்து விடுங்க. வாசல் பக்கத்துல கைக்கு எட்டுறவங்களை மட்டும் சட்டுனு வெளியே இழுங்க. உள்ளே நின்னு யாரும் தேட வேண்டாம். தீயணைப்பு வண்டி கிளம்பிடுச்சு."

அக்கா பூந்தொட்டியைத் தூக்கி ஜன்னலில் அடித்தார். உடைந்த இடத்தில் கையை விட்டுக் கதவின் உள்தாழ்ப்பாளைத் தள்ளினார். முழங்கை கிழிந்தது, அவர் கவனிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் பாய்ந்து, குழந்தையையும் தாயையும் மழைக்குள் கொண்டுவந்து கிடத்தினோம். அடுத்த கணம் அக்கா மறுபடியும் உள்ளே ஓடப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க தம்பி! அந்த மனுஷன் உள்ளே கிடக்காரு!"

"அக்கா, நீங்களும் விழுந்தா உங்களை யார் தூக்குறது?"

நின்றார். கேளுங்கள் தோழர்களே, ஓடுவது எளிது. நிற்பதுதான் கடினம். பக்கத்தில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் வாசலில் நிற்பது இருக்கிறதே, அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் முடியவில்லை. முகமூடி அணிந்த தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். எஞ்சினை நிறுத்தினார்கள். துவைக்கும் அறை வாசலில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். அதே வேளையில் குழந்தை வாந்தியெடுத்து, வீறிட்டு அழுதாள். ஒரு குழந்தை அழ, ஒரு தெருவே சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

மூவரும் பிழைத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்குத்தான் நாளாயிற்று. கடைக்குத் திரும்பிய பிறகும் பேச்சு நடுவில் நின்றுபோகும், வந்தவர் பெயர் மறந்துபோகும். இப்போது தேறிவிட்டார். மருத்துவமனையில் அக்கா அவரைப் பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"எதுக்குங்க அதைத் தூக்கி உள்ளே வச்சீங்க?" என்று கேட்டார் அக்கா.

அவர் கபடமில்லாமல் சொல்லிவிட்டார்: "நீங்க கஷ்டப்படுறீங்களேன்னுதான் அக்கா."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அப்போ நான்தானா? என் வாய்தானா?" என்று விம்மினார். கேக் செய்கிற அந்தப் பெண் கட்டிலிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க கத்த வந்ததாலதான் என் பொண்ணு உயிரோட இருக்கா. அமைதியானவங்க பக்கத்து வீட்டுல இருந்திருந்தா நாங்க யாருமே இருந்திருக்கமாட்டோம்."

அக்கா வீடு திரும்பினார். மறுநாள் சங்கத்துக்கு வந்தார். தன் வீட்டுப் பின்பக்கத்தில், எந்த வீட்டு ஜன்னலுக்கும் இருபது அடிக்கு மேல் தள்ளியிருக்கும் காலியிடத்தைக் காட்டினார். "கண்ணாடிக்காரர் மிஷினை இங்க கொண்டாந்து வைங்க. மேல கூரை மட்டும் போடுங்க, சுவர் வேண்டாம். சத்தம் போடட்டும். நான் கேட்டுக்கறேன்" என்றார்.

அந்த இடம் இன்று தயார். தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து, தெருக்கம்பியைத் துண்டித்த பிறகே ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கும் மாற்று சுவிட்ச் பொருத்திக் கொடுத்திருக்கிறார். அது எதற்கு? சிலர் ஜெனரேட்டர் வயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்குமா? தெருக்கம்பிக்கு ஏறும். செத்த கம்பி என்று நம்பித் தொடுகிற லைன்மேனைச் சாகடிக்கும். அதோ, பின்வரிசையில் கை தூக்குகிறாரே நம் லைன்மேன் தம்பி, அவர் வீட்டிலும் ஒரு குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். அதன் பேட்டரியும் காற்றோட்டம் கேட்கும், அதன் பக்கத்தில் மெழுகுவத்தி ஆகாது. தலைவர் தம் கடையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் தருவித்து வைத்திருக்கிறார். படுக்கையறைப் பக்கம் ஒன்று மாட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மின்சாரம் போனால் அவரவர் வீட்டுக்குள் அடைந்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அன்போடு தட்டுங்கள். அன்பு வரவில்லையா, கோபத்தோடாவது தட்டுங்கள்! பதில் வரும்வரை தட்டுங்கள்! வெளிச்சம் இல்லாமல் ஓர் இரவு இருந்துவிடலாம். கேக் உருகினால் இன்னொன்று செய்துவிடலாம். உருகிப்போன உயிரை எந்த ஃப்ரிட்ஜ் உறைய வைக்கும்?

நேரம் தந்த தலைவருக்கும், நடந்ததை மறைக்காமல் சொல்லச் சொன்ன அந்தக் குடும்பத்துக்கும், கிண்டலைத் தாங்கிக்கொண்ட சைரன் அக்காவுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போகும் வழியில் அக்கா வீட்டுப் பின்பக்கம் வந்து, அந்தக் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். வரும் மழையில் எல்லோரும் நலமாக இருப்போம். வணக்கம்!