குருவி குடிக்கும் கை

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்று, இன்றும் எங்களை நடுங்கவைக்கும் சுகாதார அலுவலர் ஐயா அவர்களே! இந்தச் செம்புக் கையை வடித்துத் தந்த சிற்பி அம்மையார் அவர்களே! பண்பில் உயர்ந்த பெரியோர்களே! அடுப்பில் பாலை அப்படியே விட்டு ஓடிவந்த அன்னையரே! ‘சுருக்கமாகப் பேசு’ என்று முன்வரிசையிலிருந்து கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசியே! இந்த முச்சந்தித் தையற்காரனின் வணக்கம்.

கலை எங்கே இருக்கவேண்டும்? கண்ணாடிப் பெட்டிக்குள்ளா? காவலாளி நிற்கும் கூடத்துக்குள்ளா? இல்லை! காய்கறிப் பையோடு கடப்பவள் கைபட, காலையில் பேருந்துக்கு ஓடுபவன் கண்பட, கடைவீதியில் இருக்கவேண்டும்! அப்படித்தான் சென்ற ஆண்டு இதே நாளில், இடுப்புயரப் பீடத்தில், வானைப் பார்த்து விரிந்த இந்தக் கை வந்தது.

வந்ததில் ஒரு பிழை. மழைநீர் வடிய உள்ளங்கையில் துளை விடவேண்டும். ரேகைகளைச் செதுக்கும் மும்முரத்தில் சிற்பி மறந்துவிட்டார். சிரிக்கிறீர்களா? பொத்தான் மாட்டக் காஜா எடுக்காமலே சட்டையைக் கொடுத்தனுப்பியவன் நான். எனக்குச் சிரிப்பு வராது. முதல் மழையில் கை குளமானது. குளத்தில் கொசுப்புழு நெளிந்தது. துளை போடுங்கள், இல்லையேல் சிலையைத் தூக்குவேன் என்று அலுவலர் ஐயா உத்தரவிட்டார்.

துளையிடும் இயந்திரம் உறுமியபோது, குறுக்கே தன் கையை வைத்தாள் என் மனைவி.

“வெயில் வந்துடுச்சு. இந்தக் குருவிங்க வேற எங்க போய்க் குடிக்கும்?”

“தண்ணி நின்னா கொசு வரும்மா. உங்க பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வரும்,” என்றார் ஐயா.

நியாயம்தான். ஆனால் அவள் விடவில்லை.

“நிக்கவிடாம தினமும் கழுவி மாத்துறோம். ஒரு நாள் தவறினாலும் தூக்கிடுங்க.”

அன்று முதல் வீட்டுக்கு ஒரு நாள். பூக்கடை கழுவியது, பழக்கடை கழுவியது. குழாயடிச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீடுகள், ‘நாளைக்கு உங்க நாள்’ என்று சொல்லவேண்டியே வாய் திறந்தன! ஐயா சொல்லாமல் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு புழுவும் கண்டதில்லை. ஆனாலும் உத்தரவு இன்னும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பையைத் தைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இது யாருடைய கை? வடித்தவர் கையா? இடம் தந்த நகரத்தின் கையா? தினம் கழுவுகிற நம் கை! அந்தக் கைக்கு நாளை ஆபத்து. நாளைக்குரிய வீட்டார் ஊரில் இல்லை. யார் கழுவுவது? என்ன, ஒருவரும் கை தூக்கவில்லையே? பின்னால் பார்க்கச் சொல்கிறீர்களா?

அடடா! தலைவர், நம் அலுவலர் ஐயாவே கை தூக்கியிருக்கிறார்!

ஐயா, பேச்சு இத்தோடு போதும். குருவிகள் விடிந்ததும் வந்துவிடும், தாமதித்துவிடாதீர்கள். அனைவருக்கும் நன்றி, வணக்கம்.