காற்றாலைக்குள் இருந்தவள்

முதலில் இவர்கள் இரண்டு பேரும் நேற்றைய வீடியோவைப் பார்த்துச் சிரித்து முடிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பீரெட் நினைத்தாள். சொன்னால் ஹெல்மியின் முகம் எப்படிப் போகுமோ. நேற்றுத்தான் எஸ்டோனியா முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஹெல்மியின் பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. மே மாதம் நாட்டின் சார்பில் பெரிய ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போகப்போகிறவள் அவள். மேடையை அமைத்த தார்மோ விடிந்ததும் இலவங்கப்பட்டை போட்ட பின்னல் ரொட்டியோடு ஹெல்மியின் அடுக்களைக்கே வந்துவிட்டான். இந்த நேரத்தில் போய்...

தார்மோ: இன்னொரு தடவ போடு... அங்க நிறுத்து, நிறுத்து! பாரு இவ மூஞ்சிய!

ஹெல்மி: ஐயோ போதும்டா, வயிறு வலிக்குது... பீரெட், உன் காலப் பாருடி. ஒரு சாக்ஸ் சிவப்பு, ஒரு சாக்ஸ் பச்ச!

பீரெட்: பூட்ஸ் போட்டா பலக கிரீச்சுங்குது, கழட்டுன்னு சொன்னது யாரு?

தார்மோ: நான்தான். காற்றாலைக்குள்ள இருக்கிறவ கால எவன் பாக்கப் போறான்னு...

ஹெல்மி: கதவு திறந்துக்கிச்சே, நாடே பாத்துச்சு!

தார்மோ: இங்க பாருங்க, நான் போட்ட கணக்கு வேற. பெரிய மேடை. நடுவுல தனியா ஒரு பொண்ணு. பின்னால மாவரைக்கிற பழைய மரக் காற்றாலை. அவ்ளோதான் படம். கூடப் பாடுறவ தலை தெரிஞ்சா படம் போச்சு.

பீரெட்: அதனால கூடப் பாடுறவள உள்ள தள்ளி, கதவச் சாத்தி...

ஹெல்மி: மோட்டார் வேற மக்கர் பண்ணுச்சு.

பீரெட்: ...றெக்கையையும் நீயே சுத்திடுன்னீங்க. உச்சத்துல பாடிக்கிட்டே மாவாட்டுறேன். மாவு ஒண்ணுதான் வரல.

தார்மோ: ஓட்டு வந்துச்சே! நடுவருங்க என்ன போட்டாங்க? ஏழாவது. அந்தத் தாடிக்காரர் சொல்றார், "பாட்டு பரவால்ல"ன்னு. பரவால்லயாம்!

ஹெல்மி: நான் அப்பவே எங்கம்மாவுக்கு ஃபோன் போட்டு அழ ஆரம்பிச்சுட்டேன். பாதி அழுகைல ஜனங்க ஓட்டு வருது... அம்மா அந்தப் பக்கம் கத்துறாங்க, நான் இந்தப் பக்கம்...

தார்மோ: கொட்டுச்சு இல்ல? நான் தலபாடா அடிச்சுக்கிறேன், யாரு கேக்குறா? பாட்டு காதுக்கு, ஓட்டு கண்ணுக்கு.

பீரெட்: போன வருஷம் மேடைல மழை பெய்ய வச்சியே, அப்பவும் இதத்தான் சொன்ன. பாடினவன் வழுக்கி விழுந்தான்.

தார்மோ: விழுந்து அஞ்சாவதா வந்தான். நின்னிருந்தா ஒம்போதாவது.

ஹெல்மி: சத்தியமா உண்மடி அது!

தார்மோ: சரி, விஷயத்துக்கு வர்றேன். பெரிய போட்டிக்கு ஒண்ணையும் மாத்தல. காற்றாலை அதே. சாக்ஸ் அதே. ரெண்டாவது தடவ பல்லவி வர்றப்போ கதவு தானா திறக்குது... பீரெட் திடுக்கிடுறா.

பீரெட்: திடுக்கிடுறேனா?

தார்மோ: மூணாவது கேமராவப் பாத்து.

ஹெல்மி: நான் திரும்பிப் பாத்து, சிரிப்பு தாங்காம நிறுத்திடுறேன். மீதிய நீ பாடுற. நேத்து மாதிரியே!

பீரெட்: இதுக்கு ஒத்திகை எத்தன?

தார்மோ: ஒரு ஏழெட்டு... அப்புறம் அரையிறுதி, அப்புறம் இறுதி.

பீரெட்: ஒவ்வொண்ணுலயும் தற்செயலாத் திறக்கும்.

தார்மோ: அதான் தொழிலே!

பீரெட்: நான் வெளியவே நின்னு பாடுறேனே, தார்மோ. ஹெல்மி பக்கத்துல.

தார்மோ: அப்ப அது காற்றாலை முன்னாடி ரெண்டு பொம்பளைங்க. அந்த மாதிரி எல்லா நாடும் அனுப்பும். நமக்கு வேணுங்கிறது அந்தக் கதவு. நேத்து கழண்டுக்கிட்ட தாழ்ப்பாளப் போட்ட தச்சருக்கு நான் கேக்கே அனுப்பிட்டேன் தெரியுமா? திட்டத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சு மனுஷன் ஃபோனையே எடுக்கல!

ஹெல்மி: பாவம்டா! கேக்கப் பாத்ததும் வேலையே போச்சுன்னு நெனச்சிருப்பாரு!

பீரெட்: எனக்கு... வேண்டாம்னு தோணுது.

ஹெல்மி: என்னடி வேண்டாம்? நேத்து கூட்டம் கத்தினது உனக்குத்தான்.

தார்மோ: வெக்கம். ரொட்டி எடு, சரியாயிடும்.

ஹெல்மி: இருடா... நான் ஒண்ணு சொல்லணும். நீ கத்தக் கூடாது.

தார்மோ: கத்த மாட்டேன்.

ஹெல்மி: நேத்து நான் சிரிச்சதால நிறுத்தல.

தார்மோ: தோளு குலுங்குச்சே!

ஹெல்மி: நடுக்கம். வரி மறந்துபோச்சு. சுத்தமா... வாயத் திறந்தா வெறும் காத்து.

தார்மோ: என்னது!

ஹெல்மி: கத்தாதன்னேன்ல! அந்த நேரம் பாத்து கதவு திறந்துச்சு. பீரெட், தாழ்ப்பாள் கழண்டுக்கல. நீ தள்ளுனத நான் பாத்தேன். என்னக் காப்பாத்தத்தான் வந்தேன்னு தெரியும்... யார்கிட்டயும் சொல்லல. அதனாலதான்டி கெஞ்சுறேன். அங்க போயும் மறந்துட்டா? நீ உள்ள இருந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்.

தார்மோ: நில்லு நில்லு... நீயா திறந்த? அப்ப என் கேக்கு?

பீரெட்: நான்தான் திறந்தேன்.

ஹெல்மி: பாத்தியா! நான் சொல்லல?

பீரெட்: ஆனா நீ மறந்தது எனக்குத் தெரியாது, ஹெல்மி.

ஹெல்மி: சும்மா சொல்லாத.

பீரெட்: றெக்கை போட்ட சத்தத்துல உன் குரலே கேக்கல. காதுல மாட்டியிருந்ததுல இசை மட்டுந்தான் ஓடிச்சு.

ஹெல்மி: அப்புறம்... எதுக்குத் திறந்த?

பீரெட்: போன வருஷம் அட்டைப் பாறைக்குள்ள ஒளிஞ்சு பாடினேன். அதுக்கு முன்னாடி திரைக்குப் பின்னால. என் குரல் உச்சத்துக்குப் போறப்ப கேக்குறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு... வேற ஒண்ணுமில்ல. உன்ன நெனைக்கக்கூட இல்ல. முன்வரிசைல ஒருத்தர் கடிச்ச ரொட்டிய மெல்லாம அப்படியே வச்சுக்கிட்டுப் பாத்தாரு. அதப் பாத்துத்தான் நான் திடுக்கிட்டேன். அத கேமராவுக்காக என்னால செய்ய முடியாது, தார்மோ. வரி மறக்காம இருக்க நான் தினமும் வந்து உன்கூட உக்கார்றேன், ஹெல்மி... காற்றாலைக்குள்ள நான் போகல.